ஸ்கிரிப்டுக்குள் எதற்குப் பாஸ்வேர்டு?

திருப்பூர், கோவை பக்கம் சிறு நிறுவனங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். இங்கே ராத்திரி ஆள் இல்லாமல் நடக்கிற வேலை நிறைய. கணக்கு பேக்கப் வேறு ஊர் சர்வருக்குப் போகும். ஆர்டர், ஸ்டாக் விவரம் வாடிக்கையாளரின் சர்வருக்குப் போகும். அதற்காக யாரும் கண் விழித்துப் பாஸ்வேர்டு அடிக்க முடியாது. கிரான் நேரத்துக்கு ஸ்கிரிப்டை ஓட்டும். லாகின் தானாக நடக்கும். நடக்கத்தான் வேண்டும். தானியங்கி லாகினே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது எதைக் காட்டி உள்ளே போகிறது என்பதில்தான் என் சண்டை.

பெரும்பாலான இடங்களில் ஸ்கிரிப்டைத் திறந்தால் பாஸ்வேர்டு பச்சையாக இருக்கிறது. அதுவும் அட்மின் பாஸ்வேர்டே. எழுதியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். அதை மாற்றலாம் என்றால் ஒருவரும் சம்மதிப்பதில்லை. மாற்றினால் ராத்திரி எது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. திருட்டுப் பயத்தைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி முறையை 1971இல் வகுத்தவர் ஐஐடி கான்பூரின் முதல் மாணவர் அணியில் படித்த அபய் பூஷண். ஒருவருக்கொருவர் அறிமுகமான சில ஆய்வுக்கூடங்கள் மட்டும் இணைந்திருந்த காலம் அது. பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் கம்பியில் போனதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு, புள்ளியில் தொடங்கும் நெட்ஆர்சி என்ற கோப்பு வந்தது. மெஷின், லாகின், பாஸ்வேர்டு மூன்றையும் அதில் எழுதி வைத்தால் எஃப்டிபி தானே படித்துக்கொள்ளும். அந்தக் கோப்பை மற்றவர்கள் படிக்க முடிகிறது என்றால் பழைய எஃப்டிபி நிரல் அதை ஏற்காது. அனுமதியை 600 ஆக்கச் சொல்லும். நல்ல கண்டிப்பு. ஆனால் கம்பியில் ஒட்டுக்கேட்பவனை அதனால் தடுக்க முடியாது. 1995இல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் அப்படித்தான் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அங்கிருந்த தாத்து யுலோனென் அதற்கு விடையாக எழுதியதுதான் எஸ்எஸ்எச்.

எஸ்எஸ்எச் கீ உருவாக்க ஒரு நிமிடம் போதும். பிரைவேட் கீ நம் சர்வரிலேயே இருக்கும். பப்ளிக் கீ மட்டும் அடுத்தவர் சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பில் ஒரு வரியாக ஏறும். பாஸ்வேர்டு எங்கும் பயணம் செய்வதில்லை. பிறகு ஏன் எல்லோரும் இதற்கு மாறவில்லை? “கீ வேலை செய்யல சார்” என்று என்னைக் கூப்பிடும் பையன்களிடம் நான் முதலில் கேட்பது எதிர் சர்வரில் உள்ள ஹோம் ஃபோல்டரின் அனுமதியைத்தான். அதில் மற்றவர்களும் எழுத முடிகிறது என்றால் சர்வர் கீயை வாங்காது. வாங்காத காரணத்தையும் இந்தப் பக்கம் சொல்லாது, பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். அலுத்துப்போய்ப் பழையபடி ஸ்கிரிப்டுக்குள் பாஸ்வேர்டை எழுதிவிடுகிறார்கள். காரணம் எதிர் சர்வரின் லாக் கோப்பில் ஒரே வரியில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

ராத்திரி வேலைக்கான கீக்குப் பாஸ்ஃபிரேஸ் வைக்க முடியாதே, கோப்பு களவு போனால் என்ன செய்வது? நியாயமான கேள்வி. பால்காரருக்கு வாசல் கேட் சாவி போதும், பீரோ சாவி எதற்கு? ஆத்தரைஸ்டு கீஸில் அந்த வரியின் தொடக்கத்திலேயே கட்டுப்பாடுகளை எழுதலாம்: இந்த ஐபி முகவரியிலிருந்து மட்டும், எஸ்எஸ்எச் வழியாகக் கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி மட்டும், ஷெல் கிடையாது. வரியின் கடைசியில் குறிப்பு எழுத இடம் உண்டு. என்ன வேலை, யார் பொறுப்பு என்று அங்கே எழுதுங்கள். அவர் வேலையை விட்டால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும், வேறு எதுவும் நிற்காது.

எதிர்த் தரப்பு எஃப்டிபியைத் தவிர வேறு தராது என்றால் டிஎல்எஸ் குறியாக்கம் உள்ள எஃப்டிபி கேளுங்கள். தனிக் கணக்கு, நெட்ஆர்சி, 600 அனுமதி. அதற்கு மேல் சமரசம் வேண்டாம்.

நிறுவன முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் ஆத்தரைஸ்டு கீஸ் கோப்பை அச்சிட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஆள் யார் என்று கேளுங்கள். ஆள் தெரியாத வரியின் முன்னால் அன்று மாலையே ஒரு ஹாஷ் குறி போடச் சொல்லுங்கள். எந்த வேலை நின்றது என்று மறுநாள் காலை தெரிந்துவிடும்.