இயக்குநர் நாற்காலியும் தரவரிசைப் பட்டியலும்

என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை வெளியாகும் நாளில், ஒவ்வொரு மேலாண்மைக் கல்வி நிறுவனமும் பெற்ற இடம் அதன் அப்போதைய இயக்குநரின் மதிப்பெண்ணாகவே வாசிக்கப்படுகிறது. இவ்வாசிப்பு பிழையானது. பட்டியல் பின்னோக்கிப் பார்ப்பது. நூற்றில் 30 விழுக்காடு எடையுள்ள ஆய்வுப் பகுதி, முந்தைய மூன்று ஆண்டுகளின் வெளியீடுகளை எண்ணுகிறது. கற்பித்தல் வளங்களுக்கு மற்றொரு 30 விழுக்காடு. அதில் பெரும்பங்கு வகிக்கும் ஆசிரியர் எண்ணிக்கை ஓராண்டில் கூடிவிடுவதன்று. பதவியேற்ற புதிதில் ஓர் இயக்குநர் பெறும் புகழும் பழியும் பெரும்பாலும் முன்னவருடையவை.

கொல்கத்தா ஐஐஎம் இதற்குத் தக்க சான்று. 2016 முதல் 2022 வரை அது மூன்றாம் இடத்தில் நின்றது. 2023-இல் நான்கு, 2024-இல் ஐந்து, 2025-இல் ஏழு. இதே காலத்தில், 2021 மார்ச்சில் ஓர் இயக்குநர் பதவிக்காலம் முடியுமுன்னரே விலகினார். அடுத்து வந்தவர் 2023 ஆகஸ்டில் விலகினார். அதன்பின் 2025 வரை பொறுப்பு இயக்குநர்களே நிறுவனத்தை நடத்தினர். தலைமை குலைந்ததால் தரம் சரிந்தது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால் 2023-ஆம் ஆண்டுப் பட்டியல் ஜூன் மாதமே வெளியாகிவிட்டது. இரண்டாவது விலகலை முதல் சரிவுக்குக் காரணமாக்க இயலாது. மேலும், தரவரிசை ஒப்பீட்டளவிலானது. 2020-இல் ஆறாம் இடத்திலிருந்த கோழிக்கோடு ஐஐஎம் 2023-இல் மூன்றாம் இடத்திற்கு ஏறியது. ஒருவர் ஏற, மற்றொருவர் இறங்கியே ஆக வேண்டும். (கோழிக்கோட்டில் 2018 முதல் ஒரே இயக்குநர் நீடித்தார் என்பதும் கருதத்தக்கது.)

தலைமை மாற்றமே கேடு என்றும் சொல்வதற்கில்லை. அகமதாபாத் ஐஐஎம்மில் 2023-இல் இயக்குநர் மாறினார். 2020 முதல் அது வகிக்கும் முதலிடம் அசையவில்லை. கேடு மாற்றத்தில் இல்லை, வெற்றிடத்தில் இருக்கிறது. பொறுப்பு இயக்குநர் அன்றாடக் கோப்புகளை நகர்த்தலாம். பத்தாண்டுகளுக்கு நிறுவனத்தைப் பிணைக்கும் ஆசிரியர் நியமனங்களிலும் புதிய பாடத்திட்டங்களிலும் அவர் தயங்குவது இயல்பு. அத்தயக்கத்தின் விலை சில ஆண்டுகள் கழித்தே பட்டியலில் தெரியும். அப்போது நாற்காலியில் வேறொருவர் அமர்ந்திருப்பார். வசை அவருக்குப் போகும்.

தரவரிசை சரிந்தால் டீன் பதவி இழப்பாரா என்பது அமெரிக்க வணிகக் கல்வி ஆய்வுகளில் பழகிய கேள்வி. இங்கு அதைத் தலைகீழாகக் கேட்பதே பொருத்தம். 2017-ஆம் ஆண்டு ஐஐஎம் சட்டம் இயக்குநர் நியமனத்தை ஆளுநர் குழுக்களிடம் ஒப்படைத்தது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தம் குடியரசுத் தலைவரைப் பார்வையாளர் ஆக்கி, அவரது முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. நடைமுறையில் இது கல்வி அமைச்சகத்தின் வழியே செல்லும் பாதை. தரவரிசையை வெளியிடுவதும் அதே அமைச்சகம்தான். நூலகச் செலவு, ஆசிரியர் எண்ணிக்கை, சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை எனப் பலவற்றையும் கேட்கும் என்.ஐ.ஆர்.எஃப்., இயக்குநர் பதவி எத்தனை மாதங்கள் காலியாக இருந்தது என்பதற்கு மதிப்பெண் வைக்கவில்லை. வைத்தால், அந்தக் கட்டத்திற்கு நிறுவனம் மட்டுமன்றி அமைச்சகமும் விடையளிக்க நேரும்.