எதன் மீது 6 விழுக்காடு?

சொத்துவரியை ஆண்டுதோறும் 6 விழுக்காடு உயர்த்தும் தீர்மானத்தைச் சென்னை மாநகராட்சி மன்றம் 2024 செப்டம்பர் இறுதியில் நிறைவேற்றிவிட்டது. ஆறுதானே, இதற்கு ஏன் இத்தனை கூச்சல் என்று கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஆறு ஏறினால் பன்னிரண்டு ஆண்டில் வரி இரட்டிப்பாகும். குப்பை அள்ளவும் வடிகால் வெட்டவும் பணம் வேண்டும் என்பதால் அதையும்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தத் தொகையின் மீது இந்த ஆறு ஏறுகிறதோ அந்தத் தொகையே தவறாக இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

சென்னையில் ஒவ்வொரு தெருவுக்கும் ஓர் அடிப்படை விகிதம் உண்டு. குடியிருப்பு என்றால் சதுர அடிக்கு மாதம் 60 காசு முதல் 2 ரூபாய் 40 காசு வரை. அதைக் கட்டடப் பரப்பால் பெருக்கி, கட்டடத்தின் வயது, சொந்தக் குடியிருப்பு ஆகியவற்றுக்குக் கழிவு கொடுத்து, ஆண்டு வாடகை மதிப்பைக் கண்டு, அதிலிருந்து அரையாண்டு வரியைப் போடுகிறார்கள். இந்த முறையில் பெரிய குற்றம் இல்லை. தெருவின் மதிப்பு மாறும்போது விகிதமும் மாறினால் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் பழைய மாநகராட்சிப் பகுதிக்குக் கடைசியாகப் பொதுச் சீராய்வு நடந்தது 1998இல். அன்று வேளச்சேரி நகரத்தின் ஓரம். பறக்கும் ரயில் அங்கே போய்ச் சேரவே 2007 ஆகிவிட்டது. இன்று அந்த வட்டாரத்தில் ஒரு வீட்டுக்கு என்ன வாடகை, தண்டையார்பேட்டையின் பழைய சந்துகளில் என்ன வாடகை என்று தரகரைக் கேட்டால் அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். இத்தனை ஆண்டுகளில் சில தெருக்கள் பல மடங்கு ஏறிவிட்டன, சில தெருக்கள் அநேகமாக இருந்த இடத்திலேயே இருக்கின்றன. தெருத் தெருவாகப் போய் அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவருவதுதான் சீராய்வு.

அது நடக்கவே இல்லை. 2022 ஏப்ரலில் பழைய வரித்தொகையை எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டின் பரப்பை மட்டும் பார்த்துப் பெருக்கிவிட்டார்கள். பழைய சென்னையில் 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150. தெரு எது, அங்கே மதிப்பு ஏறியதா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஒரே அடுக்ககத்தில் எதிரெதிர் வாசலில் 595 சதுர அடியில் ஒரு வீடும் 605 சதுர அடியில் ஒரு வீடும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் அரையாண்டு வரி சுமார் 1,000 ரூபாய். பத்துச் சதுர அடி வித்தியாசத்தால் ஒன்று 1,500 ஆயிற்று, மற்றது 1,750. அதன் மீது ஆறு ஏறினால் 1,590, 1,855. ஆண்டுக்கு ஆண்டு இடைவெளி இன்னும் விரியும். 1998இல் தன் தெருவுக்குக் குறைவான விகிதம் வாங்கிய பெரிய பங்களாக்காரரின் சலுகையும், கூடுதலாக வாங்கியவரின் சுமையும் இதேபோல ஆண்டுக்கு ஆறு விழுக்காடு கொழுக்கும். 1998ஆம் ஆண்டின் தவறுக்கு இந்த மன்றம் வட்டி போட்டுக் கொடுத்திருக்கிறது.

2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக மாநகராட்சி விரிந்தபோது வந்து சேர்ந்த பகுதிகளின் நிலை தனிக்கதை. நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி என்று பிரிந்து கிடந்த காலத்துக் கணக்குகளை வைத்துக்கொண்டு, அவற்றின் மீது 25 முதல் 100 விழுக்காடு வரை ஏற்றினார்கள். இன்று மேயர் ஒருவர், ஆணையர் ஒருவர், வரியின் அடித்தளம் மட்டும் பல.

15ஆவது நிதிக்குழு சொன்னது, மானியம் நின்றுவிடும் என்பதே எல்லாக் கேள்விக்கும் பதிலாக வருகிறது. நிதிக்குழு கேட்டது குறைந்தபட்ச வரி விகித அறிவிப்பையும், மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக வசூல் உயர்வதையும். வசூலை உயர்த்த வேறு வழியும் உண்டு. வரிப் பதிவேட்டில் ஏறாத கட்டடங்களை ஏற்றலாம். தரைத்தளத்துக்கு மட்டும் வரி கட்டிவிட்டு மூன்று மாடி எழுப்பியவர்களைப் பிடிக்கலாம். வீடு என்று காட்டிவிட்டுக் கடை நடத்துகிறவர்களிடம் கேட்கலாம். இதற்கெல்லாம் அலுவலர்கள் வெயிலில் தெருவில் இறங்க வேண்டும். ஏற்கெனவே ஒழுங்காகக் கட்டுகிறவரிடம் இன்னும் ஆறு வாங்குவதற்கு நாற்காலியை விட்டு எழுந்திருக்கக்கூட வேண்டாம்.

மாநில அரசின் பழைய கணக்கும் நமக்கு மறக்கவில்லை. 2018இல் வீடுகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் வரியை உயர்த்தினார்கள். அப்போது நகர்ப்புற உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. 2016இல் பதவிக்காலம் முடிந்து, 2022 பிப்ரவரி வரை தேர்தலே நடத்தாமல் வைத்திருந்தார்கள். கேட்க ஆளில்லாத நேரத்தில் உயர்த்தியதை, உள்ளாட்சித் தேர்தல் நெருங்கிய 2019 நவம்பரில் நிறுத்திவைத்தார்கள். கூடுதலாக வாங்கிய பணத்தை அடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். 2022இல் நகர்ப்புறத் தேர்தல் முடிந்து ஆறு வாரத்துக்குள் மறுபடி உயர்வு. சொத்தின் மதிப்பு ஓட்டுப்பதிவு அட்டவணையைப் பார்த்தா ஏறி இறங்குகிறது?

பத்திரப் பதிவுக்கான வழிகாட்டி மதிப்பிலும் மாநில அரசு இதையேதான் செய்தது. 2017இல் ஒரேயடியாக 33 விழுக்காடு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1இலிருந்து 4 விழுக்காடாக்கினார்கள். 2023இல் ஒரு சுற்றறிக்கையால் பழைய மதிப்புக்குத் திரும்பினார்கள். உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு 2024 ஜூலையில் வேறு மதிப்பு. அங்கும் மாநிலம் முழுமைக்கும் ஒரே விழுக்காட்டைப் போட்டுத்தான் சிக்கிக்கொண்டார்கள். நீதிமன்றம் குட்டிய பிறகும் சொத்துவரியில் அதே பழக்கத்தைத் தொடர்வதற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

தெருவாரி விகிதங்களைப் புதிதாக, நேர்மையாக, மக்கள் பார்வைக்கு வைத்து நிர்ணயிக்க வேண்டும். தன் வீட்டின் கணக்கைப் பக்கத்து வீட்டின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கவும், தவறு என்றால் முறையிடவும் ஒவ்வொருவருக்கும் வழி வேண்டும். அது முடியும்வரை 6 விழுக்காட்டுத் தீர்மானத்தை நிறுத்திவையுங்கள். தேர்தலுக்காக 2019இல் ஓர் உயர்வை நிறுத்த முடிந்ததென்றால், நியாயத்துக்காக இதையும் நிறுத்த முடியும்.