மட்கார்டு, கேரியர், பை

சைக்கிள் ஓடுவதற்கு மட்கார்டும் வேண்டாம், கேரியரும் வேண்டாம். கடைக்கும் பள்ளிக்கும் வேலைக்கும் தினமும் போய்வர வேண்டுமென்றால்தான் இவற்றின் அருமை தெரியும். 1949இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸும் லூதியானா ஆலைகளும் செய்து அனுப்பிய கறுப்பு ரோட்ஸ்டர் வண்டியில் தகர மட்கார்டு கூடவே வந்தது. கேரியரையும் ஸ்டாண்டையும் கடைக்காரரே மாட்டிக் கொடுத்தார். வாங்குகிறவர் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இன்றைய கியர் சைக்கிள்களில் பெரும்பாலானவை மொட்டைச் சக்கரத்தோடு வருகின்றன. முதல் மழை பெய்த பிறகு தனித்தனியாக வாங்கி மாட்டும்போதுதான் அளவு பிசகுகிறது.

டயர் தூக்கிக்கொண்டு வரும் தண்ணீர், டயரை விட்டுப் பிரியும் இடத்திலிருந்து நேர்கோட்டில் தெறிக்கும். பின்சக்கரத்துத் தண்ணீர் சட்டை முதுகில் நீளமாக ஒரு சேற்றுக்கோடு போடுவதால் எல்லாரும் அதைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். அதைத் துவைத்தால் போய்விடும். முன்சக்கரம் செய்யும் கெடுதல் அதைவிட அதிகம். அது வாரியிறைக்கும் மணலும் தண்ணீரும் செருப்பு, பெடல், செயின் என்று கீழே உள்ள எல்லாவற்றின் மேலும் விழுகின்றன. செயினில் இருக்கும் எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அது அரைக்கும் பசையாகிவிடும். செயினும் பல்சக்கரமும் சீக்கிரம் தேயும். ஆகவே சீட் கம்பியில் செருகும் துண்டு மட்கார்டு பாதி வேலைதான் செய்யும். முன்மட்கார்டு பின்பக்கமாக நன்றாகக் கீழே இறங்கி வர வேண்டும். அதன் நுனியில் தொங்கும் ரப்பர் பட்டை தரைக்கு ஒரு சாண் உயரம் வரை வந்தால் கால் நனையாது. பழைய டியூபில் ஒரு துண்டு வெட்டி இரண்டு போல்ட்டில் மாட்டினாலே போதும், இதற்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.

அளவு பார்க்க டயரின் பக்கவாட்டில் அச்சடித்த எண்ணைத்தான் நம்ப வேண்டும். 40-622 என்று இருந்தால் டயர் அகலம் 40 மி.மீ., டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 622 மி.மீ. என்று பொருள். கடையில் சொல்லும் அங்குலக் கணக்கு குழப்பும். ரோட்ஸ்டரின் 28 × 1½ சக்கரமும் ‘28 அங்குலம்’தான், 700சி என்று விற்கும் ஹைப்ரிட் சக்கரத்துக்கும் அதே பெயர் உண்டு, ஆனால் முன்னதன் ரிம் 635, பின்னது 622. மட்கார்டு டயரைவிட 8 முதல் 10 மி.மீ. அகலமாக இருக்க வேண்டும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி வேண்டும், அது சுற்றிலும் ஒரே அளவாக இருந்தால் கண்ணுக்கும் நன்றாயிருக்கும். ஊர் மண்ணையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழை விட்டதும் வண்டியை இறக்கினால் மண் அப்பி அப்பி மட்கார்டுக்குள் இறுகிவிடும், சக்கரம் சுற்றவே மறுக்கும். குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். அங்கே இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

தகரம், அலுமினியம், பிளாஸ்டிக் மூன்றிலும் மட்கார்டு கிடைக்கிறது. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, எடை குறைவு. வருடக்கணக்கில் வெயில் பட்டால் நொறுங்கும். தகரம் கனமானாலும் நெளிந்தால் தட்டி நிமிர்த்தலாம்.

முன்மட்கார்டில் ஓர் ஆபத்து உண்டு. அதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை. ஒரு குச்சியோ கருவேல முள்ளோ டயரோடு ஒட்டிக்கொண்டு மேலேறி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே மாட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் அதை மேலும் உள்ளே இழுக்கும். மட்கார்டும் கூடவே இழுபட்டு ஃபோர்க்கின் அடியில் சுருண்டு மடங்கும். சக்கரம் ஒரே நொடியில் நிற்க, ஓட்டுகிறவர் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து விழுவார். இதற்காகவே நல்ல பிளாஸ்டிக் மட்கார்டுகளில் முன்கம்பி ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கியில் செருகியிருக்கும். அளவுக்கு மீறி இழுபட்டால் கம்பி தானே கழன்றுவிடும். கழன்று விழுகிறதே என்று எரிச்சல்பட்டு அந்த இடத்தைக் கட்டுக்கம்பியால் முறுக்கி வைப்பவர்கள் காப்பாற்றுகிற ஒன்றையே கெடுத்துவிடுகிறார்கள்.

மட்கார்டின் நோய் சத்தத்தில் தெரியும். மேடு பள்ளத்தில் கடகடவென்றால் எங்கோ நட்டு தளர்ந்திருக்கிறது, அல்லது வாஷர் விழுந்திருக்கிறது. தகரமும் கம்பியும் நேரடியாக உரசாமல் நடுவே ரப்பர் வாஷர் போட்டால் சத்தம் அடங்கும். தேய்ந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டி எடுத்த துண்டு இதற்குக் கச்சிதம். சத்தத்தை அப்படியே விட்டால் அதிர்வில் போல்ட் துளையின் ஓரத்திலிருந்து மயிரிழைபோல் ஒரு விரிசல் கிளம்பும். அது பெரும்பாலும் ஃபோர்க்கின் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் இருக்கும். மட்கார்டை வளைத்து, நெரித்து, வலுக்கட்டாயமாகப் பொருத்தியிருந்தால் விரிசல் இன்னும் சீக்கிரம் வரும். இடைவெளி ஒத்துவரவில்லையென்றால் நடுவே கட்டை வாஷர் அடுக்க வேண்டும். தகரத்தை இழுத்துப் பிடித்து முடுக்கக் கூடாது. துரு உட்புறத்திலிருந்து வரும். வெளியே பளபளவென்று துடைத்த மட்கார்டின் உள்ளே ஈரச்சேறு மாதக்கணக்கில் ஒட்டியிருக்கும். நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்பும் சேரும். மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தைக் கழுவிக் காயவைத்து, துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். வழிய வழிய ஊற்றினால் எண்ணெய் ரிம்மில் இறங்கி பிரேக் பிடிக்காது, டயர் ரப்பரும் கெடும்.

கேரியரில் முதலில் பார்க்க வேண்டியது கால்கள். இருபுறமும் ஒரே ஒரு நேர்க்கம்பி மட்டும் நின்றால் பாரம் ஏற்றியதும் கேரியர் இடமும் வலமுமாக ஆடும். சாய்வாக இன்னொரு கம்பி முக்கோணம்போல் தாங்க வேண்டும். கியர் வண்டிக்குச் செய்யும் கேரியர்களில் ‘அதிகபட்சம் 25 கிலோ’ என்று பொறித்திருப்பது வழக்கம். சீட் கம்பியை மட்டும் பிடித்து நிற்கும் வகை 10 கிலோவுக்கு மேல் தாங்காது. இரும்பு வளையும், அலுமினியம் முறியும். வளைந்ததை எந்த ஊர் வெல்டிங் பட்டறையிலும் நிமிர்த்தி ஒட்டலாம், முறிந்த அலுமினியத்தை ஒட்டித் தருகிறவர் அரிது. எடையைக் கிராம் கணக்கில் பார்க்காதவருக்கு இரும்பே நல்லது. பாரம் பின்அச்சுக்கு நேர் மேலே, அல்லது சற்று முன்னால் இருக்க வேண்டும். அச்சைத் தாண்டிப் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலைபாயும். பால்காரர்கள் கேன்களைக் கேரியரின் மேல் அடுக்காமல் இரும்புக் கொக்கி போட்டு இருபக்கமும் தொங்கவிடுவது சரியான கணக்கு. எடை தாழ்வாகவும் சமமாகவும் இருப்பதால் வண்டி தளும்பாது.

ரோட்ஸ்டரில் மட்கார்டு கம்பி, கேரியர் கால், ஸ்டாண்டு மூன்றும் பின்அச்சின் நட்டில்தான் வந்து சேரும். பஞ்சர் ஒட்டச் சக்கரத்தைக் கழற்றினால் அத்தனையும் கையோடு வரும். வாஷர்கள் எந்த வரிசையில் இருந்தன என்று பார்த்துவைக்காமல் திரும்ப மாட்டினால் சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்து மட்கார்டில் உரசும். சங்கதி தெரிந்த மெக்கானிக் கழற்றிய வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்துத் தரையில் வைப்பார். கியர் வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. சட்டத்தில் தனித் துளை உண்டு, அதில் 5 மி.மீ. போல்ட், 4 மி.மீ. ஆலன் சாவி. இந்தச் சிறு போல்ட்தான் அத்தனை பாரத்தையும் தாங்குகிறது. தளர்ந்த நிலையில் ஓட்டினால் ஆடி ஆடி வெட்டுப்படும், பாதி துளைக்குள்ளேயே முறிந்து நிற்கும், அதை எடுக்கப் பட்டறைக்குத்தான் போக வேண்டும். உள்ளே நைலான் வளையமுள்ள நட்டு போட்டு, மாதம் ஒருமுறை சாவி வைத்துப் பார்த்தால் இந்தச் செலவு வராது. டிஸ்க் பிரேக் வண்டிக்குக் கேரியர் வாங்கும்போது இடது காலுக்கு பிரேக் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

பொருள் ஏற்றச் செய்ததுதான் கேரியர், ஆனால் நம் ஊரில் அதில் ஆளும் உட்காருவார். குழந்தையை உட்கார வைத்தால் குதிகால் ஸ்போக்கில் சிக்கும் அபாயம் எப்போதும் உண்டு. தோல், சில சமயம் எலும்புவரை பிய்ந்துபோகும் காயம் அது. மோட்டார் சைக்கிளுக்கு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் பின்சக்கரத்தில் பாதியாவது மூடியிருக்க வேண்டும் என்கின்றன. சைக்கிளுக்கு அப்படி ஒரு விதி இல்லை. சேலையும் துப்பட்டாவும் சிக்காமலிருக்கப் பின்சக்கரத்தின் இருபுறமும் கட்டும் வலை குழந்தையின் காலுக்கும் காவல்தான். கூடவே கால் வைக்க ஒரு கட்டை இருந்தாக வேண்டும்.

பைகளில் மோசமானது ஹேண்டில்பாரில் தொங்கும் பை. 2021 டிசம்பரில் தமிழக அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சப்பை திரும்பி வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை, அதை ஹேண்டிலில் மாட்டாதவரை. ஒரு கிலோ தக்காளியோடு ஊசலாடும் துணிப்பை திருப்பத்தில் ஸ்போக்குக்குள் போனால் முள் மாட்டிய மட்கார்டின் கதைதான். முன்கூடை அதற்கு எவ்வளவோ மேல்; ஆனால் நாலைந்து கிலோவைத் தாண்டினால் ஹேண்டில் தானே திரும்பப் பார்க்கும். முதுகுப்பையில் வண்டிக்குத் தொல்லை இல்லை, சட்டைக்குத்தான். சென்னை வெயிலில் அலுவலகம் சேரும்போது முதுகு முழுக்க நனைந்திருக்கும்.

கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பைதான் தினசரிக்குப் பொருத்தம். அதில் மூன்றைப் பார்க்க வேண்டும். பெடல் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக் கூடாது. பை சக்கரத்தின் பக்கம் சாயாமல் கீழ்க்கொக்கி இழுத்துப் பிடிக்க வேண்டும். மேல்கொக்கி கேரியர் கம்பியின் பருமனுக்குக் கச்சிதமாக இருக்க வேண்டும். கொக்கி லொடலொடவென்றிருந்தால் கம்பியின் பெயிண்ட்டை அறுத்துத் துருவுக்கு வழிவிடும். கம்பியில் நாலு சுற்று இன்சுலேஷன் டேப் போட்டால் சரியாகும். மழைக்குத் தார்ப்பாய்த் துணியில் செய்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டி மூடும் பைகள் சிறந்தவை. ஜெர்மனியில் ஹார்ட்முட் ஆர்ட்லீப் 1982இல் தொடங்கிய நிறுவனம் லாரித் தார்ப்பாயின் யோசனையிலிருந்துதான் இதைச் செய்தது. நம் தார்ப்பாய்க் கடைக்காரரிடம் அளவு சொன்னால் அவரும் தைத்துத் தருவார், தையல் துளை வழியே கொஞ்சம் கசியும், அவ்வளவுதான். கசிவுக்கு உள்பக்கம் ரப்பர் சொல்யூஷன் ஒரு கோடு தடவலாம். ஈரத்தோடு சுருட்டி மூலையில் போட்டால் எந்தப் பையும் பூசணம் பிடிக்கும். வாயைத் திறந்து நிழலில் கவிழ்த்துத் தொங்கவிட வேண்டும்.

கட்டுவதற்குப் பழைய டியூபை நீளமாக அறுத்த வாரை மிஞ்சி ஒன்றும் இல்லை. கடையில் விற்கும் கொக்கி ரப்பர், கை நழுவினால் முகத்தில் அடிக்கும். டியூப் வாருக்கு அந்தக் குணம் இல்லை. மேலே போட்ட முடிச்சின் மிச்ச நுனியை மட்டும் கட்டுக்கு அடியில் செருகிவிட வேண்டும், தொங்கவிட்டால் ஃப்ரீவீலில் சுற்றிக்கொள்ளும். வெயிலில் கிடந்து வாரின் மேல் சிறு சிறு வெடிப்புகள் தெரிய ஆரம்பித்ததும் பஞ்சர் கடையில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள்.