மீண்டவர் மீண்டும் சறுக்கும் முன்...

2022 ஆகஸ்டில் தமிழகப் பள்ளி, கல்லூரிகளில் போதைக்கு எதிராக உறுதிமொழி எடுக்கப்பட்டது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. கஞ்சா, போதை மாத்திரை பறிமுதல் செய்திகளையும் அடிக்கடி படிக்கிறோம். ஆனால், சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர் பிறகு என்ன ஆனார் என்பது செய்தியாவதில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி, 2019-ல் வெளியான ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானோரில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அப்படி மீண்டு வந்த ஒருவரையும் நாம் இழந்துவிடலாமா?

பெரும்பாலான வீடுகளில் வாய் வாடையையும் சட்டைப் பையையும்தான் சோதிக்கிறோம். அதில் சிக்கும்போது காலம் கடந்திருக்கும். சறுக்கல் முதலில் உணர்வில் தொடங்கி, எண்ணத்தில் வளர்ந்து, கடைசியில்தான் செயலாகிறது என்கிறார்கள் இத்துறை மருத்துவர்கள்.

முதல் கட்டத்தில் போதை பற்றிய நினைப்பே அவருக்கு இருக்காது. தூக்கம் கெடும். சாப்பாட்டு நேரம் தவறும். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். அறைக்குள் ஒதுங்குவார். மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தள்ளிப்போடுவார். ஜமாஅத் தொழுகைக்கு வந்துகொண்டிருந்தவர் காரணமின்றி நின்றுவிடுவார்.

அடுத்த கட்டத்தில் பழைய கூட்டாளிகளின் தொடர்பு துளிர்க்கும். பணக் கணக்கில் பொய் வரும். 'ஒரு தடவைதானே, இப்போது என்னால் கட்டுப்படுத்த முடியும்' என்று மனம் பேரம் பேசும்.

இந்த நேரத்தில் நாம் கேட்கும் விதம் முக்கியம். "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றால் பொய்தான் பதிலாக வரும். "ரெண்டு நாளா சரியாத் தூங்கலையே, என்னம்மா ஆச்சு?" என்று உம்மா கேட்டால் மகன் வாய் திறக்கக்கூடும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் கவனியுங்கள். குறித்த தேதிவரை காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற தேசிய இலவச உதவி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

ஓர் எச்சரிக்கை. ஹெராயின் போன்றவற்றை நிறுத்தியவர் இடைவெளிக்குப் பின் பழைய அளவையே எடுத்தால் உடல் தாங்காது. மூச்சு நின்று உயிரே போகலாம்.

மது அருந்தியதற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்ட ஒருவரை இன்னொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள்; அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். புகாரியில் பதிவான நிகழ்வு இது. தவறுக்குத் தண்டனை இருந்தது, ஆனால் தவறியவரைச் சபிக்க அனுமதி இருக்கவில்லை.

போதை ஹராம் என்று ஜும்ஆ மேடையில் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறோம். மீண்டு வந்த இளைஞர் இரண்டு வாரமாகப் பள்ளிவாசலில் தென்படவில்லை என்றால், வீடு தேடிச் சென்று நலம் விசாரிக்க நம் மஹல்லாவில் யார் இருக்கிறார்கள்?