உங்கள் மகனை ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லவிடாமல் உங்களைத் தடுத்தது எது, அத்தை?

நாத்தனார் வளைகாப்பில் வளையல் போடக் கை நீட்டிய என்னை "நீ அந்தாண்ட நில்லும்மா" என்று ஊரார் முன்னால் சொன்னீர்களே, அன்றைக்கே அவர் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்ட டெஸ்டின் ரிப்போர்ட் பீரோவில் துணிக்கடியில் இருந்தது.

திருக்கருகாவூர் நெய்யை விழுங்கினேன். கோயில் தரையில் மண்சோறு தின்றேன். கருக்குழாயில் அடைப்பா என்று பார்க்க மருந்து ஏற்றிப் படமெடுத்தார்கள். அடிவயிற்றைப் பிடுங்கிய வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். தொப்புளில் துளை போட்டுக் கேமராவும் விட்டாயிற்று. எல்லாம் நார்மல் என்றார் டாக்டர். "அப்போ டாக்டரை மாத்து" என்றீர்கள். டப்பாவில் விந்து எடுத்துக் கொடுக்கும்படி அவரிடம் சொல்ல மட்டும் ஒருவருக்கும் வாய் வரவில்லை. 2 முதல் 7 நாள் விலகியிருந்து கொடுத்தால் போதும். கத்தியில்லை, ஊசியில்லை.

"என் பிள்ளை ஆம்பளை, அவனுக்கென்ன குறை?" படுக்கையில் குறையே இல்லாதவனுக்கும் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லாமல் போகலாம், அத்தை. அது வேறு, இது வேறு. வயசுக்கு வந்தபின் வந்த பொன்னுக்குவீங்கி விதையில் இறங்கியிருக்கலாம், பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதிருக்கலாம், ஜிம்மில் போட்ட ஸ்டீராய்டு ஊசியும் காரணமாகலாம். உங்கள் மகனுக்கு வெரிகோசில். விதைப்பையில் ரத்தநாளம் புடைத்துச் சுருண்டு கிடக்கிறது. உடம்பைவிட 2, 3 டிகிரி குளிர்ந்திருக்க வேண்டிய இடத்தில் ரத்தம் தேங்கிச் சூடேறுகிறது. போதாததற்குப் பொழுதன்றைக்கும் பரோட்டாக் கல் முன்னால் நிற்கிறார், வாயில் ஓயாமல் புகையிலை. மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கீழ்வரம்பு. இவருக்கு 20 லட்சம். அதிலும் முக்கால்வாசி நகரவே இல்லை.

இந்த வியாதிக்காக அவரை நான் ஒரு சொல் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். பிள்ளையில்லாமல் டாக்டரிடம் போகும் ஆண்களில் 35, 40 சதவீதம் பேருக்கு இருப்பதுதான். ஆபரேஷனில் பலருக்கு எண்ணிக்கை கூடுகிறது. புது உயிரணு உருவாகி வர இரண்டரை மாதம் பிடிக்குமாம், பொறுத்திருப்பேனே! ஆனால் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, நீங்கள் என்னை மலடி என்றபோதெல்லாம் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாரே, அதுதான் ஆறவில்லை. அவர் மறைத்த வருஷங்களில் என் கருமுட்டையும் குறைந்துகொண்டே வந்தது. அதற்கு எந்த டாக்டரிடம் மருந்து கேட்பது?

இதில் இரண்டாம் தாரத்துக்குப் பெண் வேறு பார்க்கிறீர்களாம். அவளுக்கும் கருக்குழாய் டெஸ்டுக்கு நாள் குறித்தாயிற்றா? அவள் அப்பா வீட்டு விலாசத்தைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.