பிழை பிள்ளையில் இல்லை, நாங்கள் கொடுத்த தாளில்

பெற்றோருக்கும், ஊர்ச் சகோதர சகோதரிகளுக்கும், எங்களிடம் படித்த, படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். கடைசிவரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

2024 ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. எங்கள் வார இறுதிக் கொம்பியூட்டர் வகுப்புக்கு ஒரு பிள்ளை புது லெப்டொப்போடு வந்தான். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பியது. அப்போது வகுப்பில் நடந்த வேலை, பிள்ளைகளே தங்கள் வீட்டுக் கிணறுகளில் கயிறு விட்டு அளந்து எழுதிய நீர்மட்டக் கணக்கைப் பைதனில் போட்டு, மாதவாரியாகச் சராசரி எடுப்பது. அதற்குப் பண்டாஸ் என்ற நூலகம் வேண்டும். நூலகம் என்றால் மற்றவர்கள் எழுதி, எல்லோரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்து வைத்த நிரல்களின் தொகுப்பு. நாங்கள் கொடுத்த தாளில் இருந்த கட்டளையை அவன் ஓர் எழுத்தும் பிசகாமல் அடித்தான். இன்ஸ்டோல் ஆனது. நிரலை ஓடவிட்டதும் திரை முழுக்கப் பிழைச் செய்தி. பக்கத்து மேசையில், யாரோ கழித்துத் தந்த விண்டோஸ் 7 கொம்பியூட்டரில் அதே கட்டளை, அதே நிரல், ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

அன்றைக்கு எத்தனை தீர்ப்புகள்! "புது லெப்டொப்பைக் கண்டதையும் போட்டுக் கெடுத்திருப்பான்" என்றார் ஒருவர். "ஓசியில் வாறது இப்படித்தான், காசு கொடுத்து நல்லதாகப் போடுங்கோ" என்றார் இன்னொருவர். அவர் சொன்ன 'நல்லது', சில நூறு ரூபாவுக்குப் பூட்டு உடைத்து விற்கிற சீடி. நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கா? "நீ என்னத்தைத் தொட்டாய்?" என்றுதான் முதலில் கேட்டோம். அவன் லெப்டொப்பை மூடி வைத்தான். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

உண்மையில் நடந்தது இது. பண்டாஸ் தனியாக இயங்காது. நம்பை என்ற இன்னொரு நூலகம் அதற்கு அடியில் இருக்க வேண்டும். நம்பையின் முதலாவது பெரும் பதிப்பு வந்தது 2006 இல். இரண்டாவது பெரும் பதிப்பு வந்தது 2024 ஜூன் 16 இல், நமது பெருநாளுக்கு முதல் நாள். அதில் உள்ளமைப்பு மாறிவிட்டது. பழைய நம்பைக்கு அளவெடுத்துத் தைத்த பண்டாஸ் புதியதற்குப் பொருந்தாது. பிழைச் செய்தியின் கடைசி வரி அதைத்தான் சொன்னது: 96 என்ற அளவை எதிர்பார்த்தேன், 88 தான் கிடைத்தது.

எங்கள் தாளில் பண்டாஸின் பதிப்பு எண்ணை 2.0.3 என்று எழுதியிருந்தோம். நம்பையின் எண்ணை எழுதவில்லை. எண் சொல்லாவிட்டால், அந்தக் கொம்பியூட்டரில் உள்ள பைதனுக்கு ஏற்றவற்றுள் மிகப் புதியதைத்தான் பிப் கொண்டுவந்து போடும். விண்டோஸ் 7 இல் ஓடக்கூடிய கடைசிப் பைதன் 3.8. நம்பை 2 க்குக் குறைந்தது 3.9 வேண்டும். ஆகவே பழைய மெசினில் பிப் தானாகவே நம்பை 1.24 ஐ எடுத்துக்கொண்டது. வேலை நடந்தது. பிள்ளையின் லெப்டொப்பில் பைதன் 3.11. அங்கே நம்பை 2 வந்து இறங்கியது. வேலை நின்றது. பைதன் 3.12 வைத்திருந்த இன்னொரு பிள்ளைக்கு வேறு பிழை. அந்தப் பைதனுக்கென்று ஆயத்தமாகக் கட்டிய பண்டாஸ் 2.0.3 இல்லாததால், மூலத்திலிருந்து கட்ட வெளிக்கிட்டு, சி கொம்பைலர் எங்கே என்று கேட்டு நின்றது.

தீர்வு ஒரு வரி. நம்பையின் பெயரோடு "<2" என்ற நிபந்தனையைச் சேர்த்து, முழுவதையும் மேற்கோள் குறிக்குள் அடித்து இன்ஸ்டோல் செய்ய வேண்டும். மேற்கோள் குறியை விட்டால் அந்தச் சின்னத்தைக் கொம்பியூட்டர் வேறு விதமாக விளங்கிக்கொள்ளும். அல்லது, புதிய பைதன் உள்ளவர்கள் பண்டாஸை 2.2.2 க்கு உயர்த்தலாம். அது நம்பை 2 உடன் ஒத்துப்போகும். 2024 ஏப்ரலிலேயே வந்துவிட்டது.

இப்போது சொல்லுங்கள். பிழை பிள்ளையிலா? லெப்டொப்பிலா? ஓசியிலா? எங்கள் தாளில். ஆசிரியர்களாகிய நாங்கள் ஓர் எண்ணை எழுத மறந்தோம், பழியை ஒரு பிள்ளையின் தலையில் போட்டோம்.

"நேற்று ஓடினதை இன்று உடைப்பவனை ஏன் நம்ப வேண்டும்?" என்று கேட்கிறார்கள். நம்பையை ஆக்குபவர்கள் திடீரென்று உடைக்கவில்லை. மார்ச் மாதமே சோதனைப் பதிப்பை வெளியே விட்டு, போட்டுப் பார்த்துக் குறை சொல்லுங்கள் என்று உலகத்தைக் கேட்டார்கள். என்ன மாறும், எப்படி மாற்றிக்கொள்வது என்று வழிகாட்டியும் எழுதி வைத்தார்கள். நம்மில் ஒருவர் போட்டுப் பார்த்தோமா? ஒருவர் வாசித்தோமா?

"இங்கிலீசில் இருக்கிறதே" என்பது அடுத்த சாட்டு. நமது வட்ஸ்அப் குழுவைத் திறந்து பாருங்கள். "சேர் எரர் வருது" என்று ஒரு படம். பாதி மங்கல். காரணம் இருக்கிற கடைசி வரி மட்டும் படத்துக்குள் இல்லை. பைதனில் பிழையைக் கீழிருந்து மேலே வாசிக்க வேண்டும் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அதற்கு விரிவுரையாளர் அளவுக்கு இங்கிலீசு தேவையில்லை. ஒரு வரி, ஓர் அகராதி, பத்து நிமிசப் பொறுமை. அதைவிட மோசம், இரண்டு நாள் கழித்து அதே பிள்ளை "ஓகே சேர், சரி வந்துட்டு" என்று போடுவது. எப்படிச் சரி வந்தது? ஒரு சொல் இல்லை. அடுத்த பிள்ளை அதே குழியில் விழும்.

வாசிக்காமல் அடிப்பதன் விபரீதத்துக்கு இன்னொன்று. 2023 ஜூனில் டெபியன் 12 லினக்ஸ் வந்தது. அதில் பிப் மூலம் எதையும் நேரடியாகப் போடப்போனால், 'இந்தச் சூழலை வேறொருவர் நிர்வகிக்கிறார்' என்று மறித்து, தனிச் சூழல் ஒன்று அமைத்து அதற்குள் போடு என்று வழியும் சொல்லும். நம் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? ஏதோ ஒரு வீடியோவில் பார்த்த சொல்லைக் கட்டளையின் வாலில் ஒட்டினார்கள். இன்ஸ்டோல் ஆனதும் சந்தோசம். அந்தச் சொல்லைத் தமிழில் சொன்னால் 'சிஸ்டத்தின் பொதிகளை உடை' என்று பொருள். உடை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு உடைந்ததென்று லினக்ஸை ஏசினோம்.

ஓசி என்று இளக்காரமாகப் பேசுபவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிவுசெய்ய இந்த நாட்டு இளைஞர்கள் இராப்பகலாக இருந்து எழுதிய மென்பொருள்தான் சஹானா. திறந்து விட்டார்கள். 2005 இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சிக்கு அது உதவியது. 2010 இல் ஹைட்டிக்கும் உதவியது. நம் மண்ணில் ஆக்கியது அது. அதைவிட, பூட்டு உடைத்த சீடிதான் உங்களுக்குப் பெறுமதியா? சாப்பாட்டுப் பெட்டியில் ஹலால் முத்திரை தேடுகிறோம். பிள்ளையின் கையில் திருட்டுப் பிரதியைக் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

பொதுக்கிணற்றில் கயிறு அறுந்தால் என்ன செய்வோம்? கிணறு கூடாது என்று விட்டுப் போவோமா? அறுந்த இடத்தைப் பார்த்து முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்து வருபவரிடம் "இந்த இடத்தில் பார்த்து இழுங்கோ" என்று சொல்வோம். திறந்த மென்பொருள் நம்மிடம் கேட்கிற விலை இவ்வளவுதான். நாம் குடிக்க மட்டும் போகிறோம்.

1990 ஒக்டோபர் 30 இல் இரண்டு மணித்தியாலத்தில் இந்த ஊரை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் பிள்ளை வளர்த்த சமூகம் நாம். திரும்பி வந்தபோது கூரையில்லாத வீடும் பற்றை மூடிய வளவும்தான் இருந்தன. யாராவது வந்து துப்புரவாக்கித் தரட்டும் என்று நாம் தெருவில் நிற்கவில்லை. கத்தியை எடுத்து நாமே இறங்கினோம். அந்தக் கைகளுக்குச் சிவப்பு எழுத்தில் வருகிற பத்து வரி பயமா?

ஆகவே நாங்கள் செய்யப்போவதையும் உங்களிடம் கேட்பதையும் சொல்கிறோம்.

1. இனி எங்கள் தாள்களில் பைதன் உட்பட ஒவ்வொன்றின் பதிப்பு எண்ணும் எழுதியிருக்கும். இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

2. ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சூழல். ஒன்று உடைந்தால் அதை மட்டும் அழித்துவிட்டுத் திரும்பப் போடலாம்.

3. குழுவில் பிழையைப் படமாகப் போடாதீர்கள். எழுத்தாக ஒட்டுங்கள், கடைசி வரியோடு. சரி வந்தால், எப்படி வந்தது என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். உண்மையான குறை என்றால், ஆக்கியவர்களுக்கு அறிவிக்க நாங்கள் கூட இருந்து எழுதித் தருவோம்.

4. ரியூசன் நடத்தும் சகோதரர்களே, கண்டுபிடித்த தீர்வைத் தொழில் இரகசியமாக வைத்திருக்காதீர்கள். அதுவும் உங்களுக்கு யாரோ சும்மா தந்ததுதான்.

5. பெற்றோரே, "நீ என்ன செய்து கெடுத்தாய்?" என்று கேட்காதீர்கள். "என்ன எழுதியிருக்கிறது, வாசி" என்று கேளுங்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய், உம்மா வாப்பா முன்னிலையில் சொன்னோம்: பிழை உன்னில் இல்லை மகன், எங்கள் தாளில். அவன் திரும்ப வந்தான். வகுப்புக் கொப்பியில் அந்தத் தீர்வு இப்போது அவன் கையெழுத்தில் இருக்கிறது. லெப்டொப்பை மூடிவிட்டுத் திரும்பி வராமலே போன பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதினோம்.

உடன்பாடில்லாதவர்கள் கீழே எழுதுங்கள். கடைசி வரியோடு எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.