அந்த மன்னிப்புக் கடிதத்தை அவளிடம் திருப்பிக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளித் தாளாளர் அவர்களுக்கு,

தங்கள் பெயரையும் பள்ளியின் பெயரையும் இந்த மடலில் எழுதவில்லை. எழுதினால், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணை ஊரே அடையாளம் கண்டுகொள்ளும். இத்தனை நாளில் அவள் பட்டதே போதும்.

தங்களுக்கு முன்பே கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. தலைமையாசிரியரைப் பார்த்தேன், தாளாளரிடம் பேசச் சொன்னார். தங்கள் அறை வாசலில் காத்திருந்தேன். "மேனேஜ்மென்ட் எடுத்த முடிவு, இனி பேச எதுவும் இல்லை" என்று உதவியாளர் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பிள்ளைகளை எப்படி நடத்த வேண்டும் என்ற சட்டமும் விதியும் தாங்கள் அறிந்தவையே. அவற்றை விட்டுவிடுகிறேன். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக நாவல் எழுதுகிறவள் நான். தங்கள் பள்ளி நூலகத்தில் இருந்த என் நாவல் இரண்டு தோழிகளைப் பற்றியது. மயிலாப்பூரில் மாடவீதிக்கு அருகில் ஒருத்தி. பக்கிங்காம் கால்வாய் ஓரம் இன்னொருத்தி. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஒரு நாள் கால்வாய் ஓரத்து வீடுகள் இடிக்கப்பட்டு, இரண்டாமவளின் குடும்பம் நகரின் விளிம்பில் உள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுப் பகுதிக்கு அனுப்பப்படுகிறது. நட்பு என்னவாகிறது என்பதுதான் கதை. இதை நான் வானத்திலிருந்து பிடிக்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குப் போனதைத் தாங்களும் பார்த்தீர்கள். 2022 மே மாதம், பொதுத் தேர்வு நடந்துகொண்டிருந்த வாரத்தில், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒரு பெரியவர் தீக்குளித்து உயிரை விட்டார். அந்த வாரம் தேர்வு எழுதப் போன பிள்ளைகளின் மனதில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்விதான் என்னை எழுத வைத்தது.

தங்கள் பள்ளியில் அந்த நாவலைப் படித்த ஒரு பெண், தினமும் பெரும்பாக்கத்திலிருந்து பேருந்தில் வருகிறவள். வாசிப்பு வகுப்பில் "பிடித்த புத்தகம் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள்" என்று ஆசிரியர் சொல்ல, தன்னையும் தன் தோழியையும் பற்றி எழுதினாள். வீட்டில் பேசுகிற பேச்சிலேயே எழுதினாள். தோழியின் வீட்டில் தனக்கு மட்டும் தனி டம்ளரில் தண்ணீர் வந்ததையும், அதைக் கண்ட தோழி தன் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு அதே தனி டம்ளரில் தண்ணீர் குடித்ததையும் எழுதினாள். ஆசிரியர் நெகிழ்ந்துபோய் அந்தப் பக்கத்தை நூலகப் பலகையில் ஒட்டினார்.

இரண்டு நாளில் பெற்றோர் ஒருவரின் புகார் வந்தது. பக்கம் கிழிக்கப்பட்டது. என் நாவல் அலமாரியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆசிரியருக்கு விளக்கக் கடிதம் கேட்டு ஓலை போனது. அந்தப் பெண், "தரக்குறைவான மொழியில் எழுதியதற்கும், பள்ளியில் சாதி பேசியதற்கும்" மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அதை வகுப்பின் முன் நின்று வாசிக்கவும் சொன்னார்கள். பிறகு இரண்டு தோழிகளையும், ஆண்டின் நடுவில், வேறு வேறு பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்தக் கடைசி வரியைத் தாங்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும். என் நாவலில் தோழிகளைப் பிரித்தது புல்டோசர். தங்கள் பள்ளியில் பிரித்தது தாங்கள்.

தரக்குறைவான மொழி என்கிறீர்கள். சென்னைக் குடிசைப் பகுதி மக்களின் பேச்சை அப்படியே கதையில் வைத்தவர் ஜெயகாந்தன். குடிசைப் பகுதிச் சிறுவனை மையமாக வைத்து அவர் எழுதிய 'உன்னைப்போல் ஒருவன்' நாவலை அவரே 1965இல் படமாக எடுத்தார். அதற்குத் தேசிய விருது கிடைத்தது. பின்னர் அவருக்கு ஞானபீடமும் கிடைத்தது. அவர் பெயரைத் தமிழ் வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். அவர் காகிதத்தில் எழுதினால் இலக்கியம். அந்தப் பேச்சிலேயே பிறந்த பிள்ளை எழுதினால் குற்றம். இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

இந்த வயதில் சாதி பேசலாமா என்கிறீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனைச் சாதி வெறியில் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்தவர்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன் பிறகுதான் நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. மாணவர்கள் சாதி அடையாளமாகக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்ய வேண்டும் என்றுகூட அதில் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. கயிறாகவும் அரிவாளாகவும் சாதி அந்த வயதுக்குள் புகுந்துவிட்டது. அது கதையாக மட்டும் வரக்கூடாதா? கதையாக வந்தால்தானே ஒரு பிள்ளை நின்று யோசிக்க இடம் கிடைக்கும்? தங்கள் மாணவி யாரையும் பழிக்கவில்லை. தன் தோழி செய்த ஒரு நல்ல காரியத்தை உலகுக்குச் சொன்னாள். அந்தத் தோழியும், எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித் தராததைத் தானாகவே செய்தாள். எந்தப் பள்ளியும் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வேண்டிய பிள்ளைகள் இருவரும்.

தமிழில் இப்படிப்பட்ட கதைகளுக்கு வேர் உண்டு. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' ஆடு மேய்க்கும் வளரிளம் பிள்ளைகளின் கதை. பண்ணையாள் சிறுவனுக்கும் பண்ணையக்காரர் மகனுக்கும் இடையில் நட்பு எதுவரை நீளும், எங்கே அறுபடும் என்பதைப் படித்தவர்கள் மறக்க முடியாது. வ.கீதாவின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அதை வெளியிட்டது திருவான்மியூரில் இயங்கும் தாரா புக்ஸ். தி.நகரில் வாழ்ந்த அசோகமித்திரன், சிகந்தராபாத்தில் வளரும் ஒரு தமிழ்ப் பையனை வைத்து '18வது அட்சக்கோடு' எழுதினார். ஊர் இரண்டாகப் பிளக்கும்போது அவன் யார் பக்கம், அவன் யார் என்பதுதான் அதன் கேள்வி. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பேசும் யெஸ்.பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசிய'த்துக்கு 2020இன் பால சாகித்திய புரஸ்கார் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கனமானதைச் சொல்லலாம் என்று சாகித்திய அகாதெமியே ஒப்புக்கொண்ட பிறகு, தங்கள் நூலகம் ஏன் நடுங்குகிறது?

வெளியுலகிலும் இதே கதைதான். டொமினிக்கக் குடியரசிலிருந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பெற்றோரின் மகள் எலிசபெத் அசெவேதோ. அவர் பள்ளி ஆசிரியராக இருந்தபோது, புத்தகமே தொடாத ஒரு மாணவி, தங்களைப் போன்றவர்களைப் பற்றிய புத்தகங்கள் எங்கே என்று கேட்டாள். அந்தக் கேள்வி அவரை எழுத்தாளராக்கியது. ஹார்லெமில் வளரும் ஒரு பெண்ணைப் பற்றி அவர் எழுதிய 'தி பொயட் எக்ஸ்' 2018இல் அமெரிக்கத் தேசியப் புத்தக விருது பெற்றது. அதே நாட்டில் அரிசோனாவின் டூசான் நகரில், மெக்சிகோ வழி வந்த பிள்ளைகளுக்கு அவர்களின் வரலாற்றையும் இலக்கியத்தையும் சொல்லித்தந்த பாடத்திட்டம் 2012 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, வகுப்பறைகளிலிருந்து புத்தகங்கள் அகற்றப்பட்டன. அதற்குப் பின்னால் இருந்தது இனவெறுப்பு என்று 2017இல் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி தீர்ப்பளித்தார். தீர்ப்பு வர ஐந்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்த வகுப்பில் இருந்த பிள்ளைகள் பள்ளியை விட்டே போய்விட்டார்கள். தங்கள் பள்ளியிலும் காலம் நிற்காது. ஒன்பதாம் வகுப்பு ஒரு பிள்ளைக்கு ஒரு முறைதான் வரும்.

மதிப்பெண் கெடும் என்று ஒரு காரணமும் சொன்னார்கள். தேர்வுக் காலத்தில் வீடு இடிக்கப்பட்டால் கெடாத மதிப்பெண், விடியற்காலையில் எழுந்து பேருந்து பிடித்து வந்தால் கெடாத மதிப்பெண், ஒரு பக்கம் எழுதினால் கெட்டுவிடுமா?

பதின்மூன்றிலிருந்து பதினேழு வரையிலான வயதில் நண்பர்கள்தாம் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி. நான் யார், என் பேச்சு அழகா, என் தெரு வெட்கப்பட வேண்டியதா என்பதைப் பிள்ளைகள் அம்மா அப்பாவிடம் கேட்பதில்லை. பக்கத்து பெஞ்சைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அந்தப் பெண் பார்த்த கண்ணாடியில் அவள் அழகாகத் தெரிந்தாள். நீங்கள் அதை உடைத்தீர்கள். தன் சொந்த வாழ்க்கையை எழுதியதற்காக வெட்கப்பட வேண்டும் என்று நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் அவளுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். அந்த நாற்பது பேரும் அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டார்கள். பெரும்பாக்கத்திலிருந்தும் அதைப் போன்ற கண்ணகி நகரிலிருந்தும் வருகிற மற்றப் பிள்ளைகள் இனி வீட்டு முகவரியைக்கூடத் தயங்கித்தான் சொல்வார்கள். அதற்கு நீங்கள் பொறுப்பு.

என் புத்தகத்தைத் திரும்ப வைக்கும்படி நான் கேட்கவில்லை. வைக்காவிட்டாலும் அது வேறெங்காவது படிக்கப்படும். நான் கேட்பது அந்தப் பிள்ளைக்காக. அவள் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுங்கள். அவள் அதை வாசித்த அதே வகுப்பில், அதே பிள்ளைகளுக்கு முன்னால், தவறு பள்ளியுடையது என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். இரண்டு பேரையும் மறுபடி ஒரே வகுப்பில் உட்கார வையுங்கள். ஆசிரியர்மீது எடுத்த நடவடிக்கையைக் கைவிடுங்கள்.

முடியாது என்றால் அந்தக் காரணத்தை என்னிடம் சொல்ல வேண்டாம். அந்தப் பெண்ணை நேரில் அழைத்து, அவள் முகத்தைப் பார்த்து, தன் தோழியைப் பற்றி எழுதியதில் அவள் செய்த குற்றம் என்ன என்று சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு நா எழாது. நா எழாத ஒன்றை ஆணையாகப் போட உங்களுக்கு உரிமை கிடையாது.

இப்படிக்கு,
இளையோருக்குக் கதை எழுதும் ஒருத்தி,
மந்தைவெளி, சென்னை 28.